கைகுலுக்க மறுத்த கணினிகள்: ஒரு பூட்டின் வரலாறு



இலக்கணமும் சொல்லாய்வும் படிக்க வந்தவர்கள் இன்று என்னைப் பொறுத்தருள வேண்டும். இம்முறை கணினியைப் பற்றி எழுதுகிறேன். ஆயினும் இது வரலாற்றுக் கட்டுரைதான். எங்கள் பள்ளிக் கணினிக்கூடத்தில் திறக்க மறுத்த ஒரு பூட்டைச் சரிசெய்யப் புகுந்தேன். அதன் ஒவ்வொரு பழுதுக்குப் பின்னாலும் ஓர் ஆண்டும் ஒரு காரணமும் நிற்பதைக் கண்டேன். அவற்றை அறியாமல் கை வைத்திருந்தால் பெரும்பிழை செய்திருப்பேன்.

2009ஆம் ஆண்டு, ஆசிரியர்களுக்காக ஒரு சிறு நிரலை எழுதினேன். மாணவர் பெயர், பிறப்புப் பத்திர எண், பெற்றோர் வருமானம், தேர்வுப் புள்ளிகள் ஆகியவை அதில் இருந்தன. மாணவர்கள் செய்துபார்க்கப் புதிர்ப் பயிற்சிகளும் இருந்தன. கூடத்தின் மூலையில் இருந்த ஒரு கணினியில் அந்நிரல் இயங்கியது. மற்றக் கணினிகள் உலாவியின் வழியே அதனை அணுகின. அது ஜாவா மொழியில் எழுதப்பட்டது. அதன் வயிற்றுக்குள் 'ஜெட்டி' என்னும் வழங்கி, அதாவது சர்வர், பொதிந்திருந்தது. ஏழைப் பெற்றோரின் வருமானம் கம்பியில் வெளிப்படையாக ஓடக்கூடாது என்பதற்காக அதற்கு ஒரு பாதுகாப்புப் பூட்டும் போட்டிருந்தேன்.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆசிரியர்களின் புதிய மடிக்கணினிகள் அப்பூட்டை ஏற்க மறுத்தன. மூலைக் கணினியின் பழைய ஜாவாவை நீக்கிப் புதிய ஜாவாவை நிறுவினேன். மடிக்கணினிகள் திறந்தன. மறுநாள் காலையில் கூடத்தின் பழைய கணினிகள் அனைத்தும் திறக்க மறுத்துவிட்டன. "கைகுலுக்கல் தோல்வி" என்பதே வந்த செய்தி.

என்னுடன் பணியாற்றும் இளம் ஆசிரியர் ஒருவர் இணையத்தில் தேடிவிட்டு வந்தார்.

"ஐயா, ஜாவாவின் அமைப்புக் கோப்பில் ஒரு தடைப்பட்டியல் இருக்கிறதாம். அந்த வரியில் இரண்டு சொல்லை நீக்கினால் எல்லாம் பழையபடி ஓடும் என்கிறார்கள். நீக்கிவிடட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்கள் தம்பி. அந்த வரியை யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்று பார்த்துவிடுவோம்" என்றேன்.

அந்தத் தேடலின் விளைவே இக்கட்டுரை.

சிறு கருவிக்குப் பிறந்த மொழி

1991ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் 'கிரீன்' என்னும் பெயரில் ஒரு சிறு குழு அமைந்தது. வீட்டில் பயன்படும் சிறு கருவிகளுக்கு மென்பொருள் எழுதுவதே அதன் நோக்கம். அக்குழுவில் இருந்த ஜேம்ஸ் காஸ்லிங் ஒரு புதிய மொழியை வகுத்தார். அவரது அலுவலகத்திற்கு வெளியே நின்ற ஓக் மரத்தின் பெயரே அம்மொழிக்கு முதலில் சூட்டப்பட்டது. 1995 மே 23ஆம் நாள் அது ஜாவா என்ற பெயரோடு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சிறு கருவிக்குள் பொதிந்து இயங்கப் பிறந்த மொழி இணைய வழங்கிகளின் மொழியாக வளர்ந்தது.

அதே 1995இல், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துப் பால்மெயின் பகுதியில், கிரெக் வில்கின்ஸ் என்பவர் ஒரு ஜாவா நிரல் போட்டிக்காக ஒரு செயலியை எழுதினார். அச்செயலிக்குத் துணையாக எழுதிய சிறு வழங்கிதான் பின்னாளில் ஜெட்டி ஆயிற்று. அவர் நடத்திய நிறுவனம், பால்மெயினில் உள்ள குடாவின் பெயரால் 'மோர்ட் பே' என்று வழங்கியது. ஜெட்டி என்றால் படகுத்துறை. பினாங்குக்குப் படகேறியவர்களுக்கு இச்சொல் புதிதன்று.

பெரிய வழங்கிகளை முதலில் நிறுவி, அவற்றுக்குள் நம் நிரலை வைப்பதே வழக்கம். ஜெட்டியோ நம் நிரலுக்குள் தானே வந்து அமர்ந்துகொள்ளும். அதனால்தான் இதனை உட்பொதி வழங்கி என்கிறோம். ஹடூப் போன்ற பெருந்திட்டங்களும் இதனைப் பொதிந்துகொண்டன. பொதிந்திருப்பதில் ஓர் இடரும் உண்டு. உள்ளே ஒரு வழங்கி இருப்பதே நாளடைவில் மறந்துபோகும். மறந்ததை யாரும் புதுப்பிப்பதில்லை. நானும் பதின்மூன்று ஆண்டுகள் புதுப்பிக்கவில்லை.

பூட்டின் பிறப்பு

முன்பின் அறியாத இருவர், பலர் கேட்கும் இடத்தில் நின்று பேசிக்கொண்டே, தமக்குள் ஓர் இரகசியத்தை உருவாக்கிக்கொள்ள முடியுமா? முடியும் என்று 1976இல் டிஃபியும் ஹெல்மனும் காட்டினார்கள். மறு ஆண்டு ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் ஆகிய மூவர் தம் பெயர்களின் முதலெழுத்தால் ஆர்.எஸ்.ஏ. எனப்படும் முறையை வகுத்தனர். பூட்டை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டுச் சாவியை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்வது போன்றது அம்முறை.

இணைய வணிகம் தலையெடுத்தபோது, நெட்ஸ்கேப் நிறுவனம் இக்கணக்குகளைக் கொண்டு எஸ்.எஸ்.எல். என்னும் நெறிமுறையை அமைத்தது. அதன் முதற்பதிப்பு குறைபாடுகளால் வெளிவரவே இல்லை. இரண்டாம் பதிப்பு 1995இலும் மூன்றாம் பதிப்பு 1996இலும் வந்தன. அப்பணியை முன்னின்று நடத்தியவர் எகிப்தில் பிறந்த தாகர் எல்கமால். 1999 ஜனவரியில் அந்நெறிமுறை பொதுத் தரமாக மாறியபோது டி.எல்.எஸ். 1.0 என்ற புதுப்பெயர் பெற்றது. 1.1 பதிப்பு 2006இலும், 1.2 பதிப்பு 2008இலும், 1.3 பதிப்பு 2018இலும் வெளிவந்தன.

இந்நெறிமுறையின் தொடக்கத்தையே கைகுலுக்கல் என்கின்றனர். உலாவி முதலில் வணக்கம் சொல்லி, தான் அறிந்த பதிப்புகளையும் மறைகுறி முறைகளையும் பட்டியலிடும். வழங்கி அவற்றுள் தானும் அறிந்த ஒன்றைத் தேர்ந்து, தன் சான்றிதழைக் காட்டும். உலாவி அச்சான்றிதழின் பெயரையும் நாளையும் ஒப்பமிட்டவரையும் சோதிக்கும். அதன் பின்னரே இருவருக்கும் பொதுவான இரகசியச் சாவி உருவாகும். எங்கே முறிந்தாலும் நமக்குத் தெரிவது ஒன்றுதான்: பக்கம் திறக்கவில்லை.

ஆயுதப் பட்டியலில் ஒரு கணக்கு

2009இல் இந்நிரலை அமைத்தபோது ஒன்று எனக்கு விளங்கவில்லை. வலுமிக்க 256 பிட் சாவியைப் பயன்படுத்த வேண்டுமானால், ஜாவாவோடு வரும் கோப்புகள் போதா. தனியே இரு கோப்புகளைப் பதிவிறக்க வேண்டும் என்றிருந்தது. ஏன் இந்த அலைச்சல் என்று அன்று சலித்துக்கொண்டேன்.

மறைகுறிக் கலையை அமெரிக்கச் சட்டம் நெடுங்காலம் போர்த்தளவாடங்களின் பட்டியலில் வைத்திருந்தது. அதனால் நெட்ஸ்கேப் உலாவியே இரு வகையாக வந்தது. உள்நாட்டாருக்கு 128 பிட் சாவி. நம்மைப் போன்ற வெளிநாட்டாருக்கு 40 பிட் சாவி. 1995 ஆகஸ்டில், பிரான்சு நாட்டு ஆய்வாளர் ஒருவர் தம் ஆய்வுக்கூடத்துக் கணினிகளைக் கொண்டு 40 பிட் சாவியை ஏறத்தாழ எட்டே நாளில் உடைத்துக் காட்டினார். 2000 ஜனவரியில் ஏற்றுமதி விதிகள் பெரிதும் தளர்ந்தன. அதற்குப் பின்னரே, 2002இல் வெளிவந்த ஜாவா 1.4இல் பாதுகாப்பு இணைப்புக்கான பகுதி மொழியோடு சேர்ந்தே வந்தது. ஆனாலும் அந்த இரு கோப்புகளின் தடை தொடர்ந்தது. 2017இல் வந்த ஜாவா 9இலும், 2018 ஜனவரியில் வந்த ஜாவா 8இன் இற்றைப்படுத்தலிலும்தான் முழு வலிமை இயல்பாகக் கிடைத்தது.

சட்டம் போனாலும் அதன் எச்சம் எளிதில் போகவில்லை. வேண்டுமென்றே வலுக்குறைத்த அந்த ஏற்றுமதி முறைகளைப் பல வழங்கிகள் நீக்காமல் விட்டிருந்தன. அவற்றின் வழியே நுழையும் ஃப்ரீக் என்னும் தாக்குதல் 2015 மார்ச்சில் வெளிப்பட்டது. பழைய கணினிகளுக்காகப் பழைய கதவைத் திறந்தே வைத்தால் அது யாருக்கும் திறக்கும் என்பதே அது தந்த பாடம்.

பெயர் கேட்ட கருவி

சான்றிதழையும் சாவியையும் உருவாக்க, ஜாவாவோடு கீடூல் என்னும் கருவி வருகிறது. அது கேட்கும் முதற்கேள்விகளுள் ஒன்று: "உங்கள் முதற்பெயரும் குடும்பப் பெயரும் என்ன?"

நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அடையாள அட்டையில் உள்ளபடி என் பெயரையும் தந்தையார் பெயரையும் எழுதினேன். உலாவி உடனே, சான்றிதழில் உள்ள பெயர் வேறு, நீங்கள் வந்த முகவரி வேறு என்று எச்சரித்தது. நான் எழுதியிருக்க வேண்டியது வழங்கிக் கணினியின் பெயரை. 1988இல் வகுக்கப்பட்ட எக்ஸ்.509 சான்றிதழ் முறை, ஆட்களையும் நிறுவனங்களையும் பெயரடைவில் பதிந்து அடையாளம் காட்டும் திட்டத்தின் ஒரு பகுதியாகத் தோன்றியது. அதனால்தான் ஊர், மாநிலம், நாடு எல்லாம் கேட்கிறது. அப்படிவத்தில் இணைய முகவரியைப் பிற்காலத்தவர் பெயருக்கான கட்டத்திலேயே எழுதினர்.

இந்தப் பெயர்ச் சிக்கல் இரண்டு முறை என்னைப் பிடித்தது. முகவரியை மாற்றுப் பெயர் என்னும் தனிக் கட்டத்தில் எழுதுவதே முறை என்று 2000ஆம் ஆண்டிலேயே தர ஆவணம் கூறிவிட்டது. பழைய கட்டத்தைப் பார்ப்பதைக் குரோம் உலாவி 2017இல் அடியோடு நிறுத்தியது. நான் 2022இல் புதுச் சான்றிதழ் உருவாக்கியபோது, இம்முறை ஏமாறவில்லை என்ற பெருமிதத்தோடு கணினியின் பெயரைப் பழைய கட்டத்திலேயே எழுதினேன். குரோம் ஏற்கவில்லை. மாற்றுப் பெயரையும் சேர்த்த பின்னரே ஏற்றது.

நான் கற்பித்த தவறு

இனி, எழுதக் கூசுகின்ற பகுதிக்கு வருகிறேன்.

எங்கள் சான்றிதழில் ஒப்பமிட்டவர் எவரும் இல்லை. அது தனக்குத் தானே ஒப்பமிட்டுக்கொண்ட சான்றிதழ். எனவே உலாவி முதல் நாளிலிருந்தே எச்சரித்தது. "அதைப் பொருட்படுத்த வேண்டாம், தொடர்க என்பதை அமுக்குங்கள்" என்று ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சொன்னேன். காலம் குறிப்பிடாவிட்டால் கீடூல் தரும் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். அந்த 90 நாள் முடிந்ததும் இன்னோர் எச்சரிக்கை சேர்ந்தது. தொல்லை வேண்டாம் என்று 3,650 நாள் ஆயுளோடு வேறொன்றை உருவாக்கினேன். 2019இல் அதுவும் காலாவதியானது. அப்போதும் "தொடர்க" என்பதே என் விடை.

அவ்வாண்டில் ஒரு நாள், ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி வேறு ஏதோ ஓர் இணையத்தளத்திற்குப் போனாள். எச்சரிக்கை தோன்றியது. அதைப் படிக்காமலே அமுக்கிவிட்டு உள்ளே போனாள். "ஏனம்மா, படித்துப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டேன்.

"நீங்கள்தானே ஐயா அமுக்கச் சொன்னீர்கள்" என்றாள்.

ஒரு சொல்லும் பேச முடியவில்லை. எழுத்தைப் படிக்கக் கற்பிப்பது என் தொழில். பத்தாண்டுகளாக, ஒரு வாக்கியத்தைப் படிக்காமல் கடந்து போகவே நான் பயிற்சி அளித்திருக்கிறேன். ஆனாலும் வேலைப்பளுவைக் காரணம் காட்டி அன்றும் அதைத் திருத்தாமல் விட்டேன்.

2022இல் வந்த செய்தி அப்படிக் கடக்கக் கூடியதாக இல்லை. கைகுலுக்கலே முறிந்துவிட்டதால், அமுக்குவதற்குப் பொத்தானே இல்லை. அதனால்தான் இரு சொல்லை நீக்கும் யோசனை வந்தது. அது பெரியதொரு "தொடர்க" பொத்தானே அன்றி வேறில்லை.

அந்த இரண்டு சொற்கள்

தடைப்பட்டியலில் இருந்த அந்த இரு சொற்கள் டி.எல்.எஸ். 1.0, டி.எல்.எஸ். 1.1 என்பன. அவை அங்கே வந்த கதை இது.

2011இல் தாய் துவாங், ஜூலியானோ ரிசோ ஆகிய இருவர், டி.எல்.எஸ். 1.0இன் குறையைப் பயன்படுத்தி, பூட்டிய இணைப்பிலிருந்தே இரகசியக் குறிகளைப் பிரித்தெடுக்கும் பீஸ்ட் என்னும் தாக்குதலைக் காட்டினர். 2014 அக்டோபரில் கூகுள் ஆய்வாளர்கள் பூடில் என்னும் தாக்குதலை வெளியிட்டனர். கைகுலுக்கலை இடையில் கெடுத்தால், உலாவிகள் தாமாகவே பழைய பதிப்புக்கு இறங்கிவந்தன. அப்படி எஸ்.எஸ்.எல். 3.0 வரை இறக்கிவிட்டால் பூட்டு நெகிழ்ந்தது. 2015 ஜனவரியில் வந்த ஜாவா இற்றைப்படுத்தல் எஸ்.எஸ்.எல். 3.0ஐத் தடைப்பட்டியலில் சேர்த்தது. 2018 அக்டோபரில் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மோசில்லா ஆகிய நான்கும் ஒரே வேளையில், டி.எல்.எஸ். 1.0க்கும் 1.1க்கும் 2020இல் விடைகொடுப்பதாக அறிவித்தன. 2021 மார்ச்சில் இணையப் பொறியியல் பணிக்குழு அவ்விரண்டையும் கைவிடுமாறு முறைப்படி ஆவணம் வெளியிட்டது. அடுத்த மாதமே ஜாவாவின் இற்றைப்படுத்தலில் அவ்விரு சொற்களும் பட்டியலில் ஏறின.

ஆகவே எங்கள் பள்ளியில் நடந்தது இதுதான். பழைய ஜாவா 6 டி.எல்.எஸ். 1.0 மட்டுமே பேசியது. மடிக்கணினிகள் அதை ஏற்கவில்லை. புதிய ஜாவா 1.2 பேசியது, கூடத்தின் கணினிகள் அதைப் பேசவில்லை. இரு தலைமுறைகளுக்கு இடையே பொதுமொழி இல்லாமற்போனது.

சரிசெய்த விதம்

ஊகித்துக்கொண்டிராமல், ஜாவாக்ஸ்.நெட்.டீபக் என்னும் விசையைக் கொடுத்து வழங்கியைத் தொடங்கினோம். கைகுலுக்கலின் ஒவ்வொரு வரியும் திரையில் வந்தது. பழைய கணினி 1.0 என்று வணங்குவதும், வழங்கி மறுப்பதும் கண்ணெதிரே தெரிந்தன.

கூடத்தில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றில் இருந்த பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு டி.எல்.எஸ். 1.2 தெரியும். ஆனால் அது இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அமைப்புகளில் ஒரு கட்டத்தைக் குறியிட்டதும் அவை கைகுலுக்கின! தடையை நீக்கியிருந்தால் இதை நாங்கள் அறிந்தே இருக்கமாட்டோம். விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளுக்கு அந்த வழி இல்லை. அவற்றை இணைப்பிலிருந்து எடுத்துவிட்டோம்.

புதிய சாவியை உருவாக்கியபோது இன்னொரு தடங்கல். "பொதுவான மறைகுறி முறை எதுவும் இல்லை" என்றது வழங்கி. இச்செய்தி பலரை ஏமாற்றும். முறைகளின் பட்டியலைத்தான் திருத்தத் தூண்டும். குற்றம் சாவியில் இருந்தது. முறையைக் குறிப்பிடாமல் விட்டால் ஜாவா 8இன் கீடூல் ஆர்.எஸ்.ஏ. சாவியைத் தருவதில்லை, டி.எஸ்.ஏ. சாவியைத் தருகிறது. 1997இல் வந்த ஜாவா 1.1இலேயே டி.எஸ்.ஏ. இருந்தது, ஆர்.எஸ்.ஏ. அமெரிக்காவில் 2000 செப்டம்பர் வரை காப்புரிமையில் இருந்தது. இன்றைய உலாவிகள் டி.எஸ்.ஏ. சான்றிதழை ஏற்பதில்லை. ஆர்.எஸ்.ஏ., 2048 பிட் என்று வெளிப்படையாகச் சொன்னதும் தடங்கல் நீங்கியது. சாவிப்பெட்டியில் சாவி இல்லாமல் சான்றிதழ் மட்டும் இருந்தாலும் இதே செய்திதான் வரும் என்பதை நினைவிற் கொள்க.

விடுமுறையில் ஜெட்டியையும் 6ஆம் பதிப்பிலிருந்து 9.4க்கு மாற்றினேன். ஜெட்டி 2009இல் எக்ளிப்ஸ் அறக்கட்டளைக்குக் குடிபெயர்ந்தபோது, நிரலுக்குள் மோர்ட்பே என்றிருந்த பெயர்களெல்லாம் எக்ளிப்ஸ் என்று மாறிவிட்டன. அதனால் என் பழைய அமைப்புக் கோப்பு ஒரு வரிகூட உதவவில்லை. அக்கோப்பில் கடவுச்சொல்லை ஜெட்டி உருமாற்றி எழுதித் தரும். அது கண்ணுக்கு மறைப்பே தவிரப் பூட்டு அன்று, எவரும் மீட்டெடுக்கலாம். எனவே அக்கோப்பைப் பிறர் திறக்காதவாறு வைத்தோம்.

இறுதியாக, சான்றிதழின் விரல்ரேகை எனப்படும் எண்வரிசையைத் தாளில் அச்சிட்டேன். இளம் ஆசிரியர் வாசிக்க, நான் ஒவ்வொரு கணினியிலும் ஒப்பிட்டுப் பார்த்து, நம்பத்தக்க சான்றிதழாக நிறுவினேன். ஒரு பிற்பகல் முழுதும் ஆயிற்று. அதன் பிறகு எச்சரிக்கை வரவே இல்லை.

இத்தகைய பூட்டு மக்கர் செய்யும் அன்பர்களுக்கு ஒரு வரிசையைச் சொல்கிறேன். முதலில் சான்றிதழின் நாளைப் பாருங்கள். கணினியின் கடிகாரத்தையும் பாருங்கள். அடுத்துப் பெயரைப் பாருங்கள். பின்னர்ச் சாவி இருக்கிறதா, அது எவ்வகைச் சாவி என்று பாருங்கள். அதன் பிறகு ஒப்பமிட்டவரைப் பாருங்கள். கடைசியாக இரு பக்கமும் பேசும் பதிப்புகளைப் பாருங்கள். தடையை நீக்குவது இவ்வரிசையில் இல்லை.

புதிய சான்றிதழுக்கு 365 நாள் ஆயுள் கொடுத்தேன். அது முடியும் நாளை ஆசிரியர் அறை நாட்காட்டியில் சிவப்பு மையால் எழுதிவைத்தோம். ஆண்டுக்கொரு முறை புதுப்பிப்பது வேலைதான். ஆனால் பத்தாண்டு மறந்திருப்பதைவிட அது மேல்.

மாணவர்களிடமும் ஒன்று சொன்னேன்: "இனி இந்தக் கூடத்தில் எச்சரிக்கை வந்தால் அமுக்காதீர்கள். படியுங்கள். விளங்காவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள்." சில வாரம் கழித்து ஒரு மாணவன் கூப்பிட்டான். போய்ப் பார்த்தேன். கணினியின் பேட்டரி தீர்ந்து, அதன் நாள் பல ஆண்டு பின்னோக்கிப் போயிருந்தது. அந்நாளில் எங்கள் சான்றிதழ் பிறக்கவே இல்லை. எனவே எச்சரித்திருக்கிறது.

அவன் அதை முழுதும் படித்துவிட்டே என்னை அழைத்திருந்தான்.